அரசின் வேளாண் முன்கணிப்புகளை வரவு செலவுத் திட்டத்தில் பயன்படுத்துவது எப்படி: பிழையை அளந்து கணக்கில் சேர்ப்பதற்கான முழுமையான வழிகாட்டி

2012 மே மாதத்தில் அமெரிக்க வேளாண் துறை, அந்த ஆண்டின் மக்காச்சோள மகசூல் ஏக்கருக்கு 166 புஷல் (தானியத்தை அளக்கும் அமெரிக்க அலகு) இருக்கும் என்று முன்கணித்தது. ஜூலை அறிக்கையில் அந்த எண் 146 ஆகவும், ஆகஸ்டில் 123.4 ஆகவும் இறங்கியது. கடைசியில் நிலைத்த எண் 123.1. புஷலுக்கு 4.20 முதல் 5.00 டாலர் வரை இருக்கும் என்று மே மாதம் சொல்லப்பட்ட பருவச் சராசரி விலை, 6.89 டாலரில் முடிந்தது. கடும் வறட்சி வந்துவிட்டது. இத்தனைக்கும் இது உலகில் மிக அதிகக் கள ஆய்வுகளோடு தயாராகும் வேளாண் முன்கணிப்புகளில் ஒன்று. அதைத் தயாரித்தவர்கள் அலட்சியமாக இருந்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. மே மாதத்தில் பயிர் முளைவிட்டுக்கொண்டுதான் இருந்தது. ஜூலை மழையைப் பற்றி மே மாதத்தில் எவரும் உறுதி கூற இயலாது.

மானியம், கொள்முதல், பயிர்க் காப்பீடு, இறக்குமதி வரி என்று வேளாண்மையோடு தொடர்புள்ள ஒரு செலவுத் தலைப்புக்கு நிதி ஒதுக்க வேண்டியவர்களுக்கும், கூட்டுறவு அமைப்புகளில் கொள்முதல் திட்டம் எழுதுபவர்களுக்கும், இந்த எண்களை வைத்துச் செய்தி எழுதுபவர்களுக்குமாக இதை எழுதுகிறேன். ஒரு முன்கணிப்பு எந்தக் கட்டத்தில் எவ்வளவு தவறும், எந்தப் பக்கம் தவறும் என்பதைப் பழைய ஆண்டுகளைக் கொண்டு முன்னதாகவே அளந்துவைத்து, அந்தத் தவறு செலவுக் கணக்கில் என்னவாக உருமாறும் என்று பார்ப்பதுதான் நமது வேலை. அதைச் செய்யாமல் அறிக்கையில் அச்சாகும் ஒற்றை எண்ணை அப்படியே எடுத்து ஒதுக்கீட்டில் பெருக்கினால், முன்கணிப்பு சராசரியாகச் சரியாக இருந்தாலும் பட்ஜெட் தவறாகவே வரும். ஏன் என்பதை 6-ஆம் படியில் எண்களோடு காட்டுகிறேன்.

படி 1: கையில் இருப்பது எந்த வகை எண் என்று தெளியுங்கள்

அரசு வெளியிடும் எண்களில் மூன்று வகை உண்டு. அவை ஒரே அட்டவணை வடிவில் வருவதால் குழப்பம் எளிதில் நேர்கிறது. விளைந்து முடிந்த பயிரை அளந்து சொல்வது மதிப்பீடு. இனி விளையப்போவதைச் சொல்வது முன்கணிப்பு. 'வானிலை இயல்பாக இருந்து, இப்போதைய சட்டங்கள் மாறாமல் தொடர்ந்தால் இப்படி இருக்கும்' என்று சொல்வது நிபந்தனைக் கணிப்பு. அமெரிக்க வேளாண் துறை ஆண்டுதோறும் வெளியிடும் 10 ஆண்டுக் கணிப்பு இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தது. அதில் வறட்சியே வராது. ஏனெனில் வறட்சி வராது என்பது அதன் எடுகோள். அதை நடக்கப்போவதாக எடுத்துக்கொண்டு பத்தாண்டுச் செலவைக் கணக்கிட்டால், குறை கணிப்பில் இல்லை, படித்தவரிடம் இருக்கிறது.

ஒரே தொடரிலும் எண்ணின் வகை மாறும் என்பதைக் கவனியுங்கள். மே மாதத்தில் மேற்கண்ட 166 என்ற எண் நீண்டகாலப் போக்கிலிருந்து வந்தது. ஆகஸ்டில் வந்த 123.4 கள ஆய்விலிருந்து வந்தது. இரண்டும் ஒரே அட்டவணையின் ஒரே வரிசையில் அமர்ந்திருந்தாலும் அவற்றின் நம்பகத்தன்மை வேறு.

படி 2: எண் பிறக்கும் இடத்தை அறிந்துகொள்ளுங்கள்

உற்பத்தி என்பது சாகுபடிப் பரப்பையும் மகசூலையும் பெருக்கி வருவது. ஆகவே பிழையும் இரண்டு வழிகளில் நுழையும். எந்த வழியில் நுழைகிறது என்பது பயிருக்குப் பயிர் மாறும்.

பரப்பு எளிதான பகுதி என்று தோன்றும். 2019-ஆம் ஆண்டு அந்த எண்ணத்தைத் திருத்தியது. அந்த ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்க உழவர்கள் 9.28 கோடி ஏக்கரில் மக்காச்சோளம் விதைக்க எண்ணியிருப்பதாக அறிக்கை வந்தது. வசந்த காலம் முழுவதும் மழை பெய்து நிலம் சேறாகவே கிடந்தது. ஜூன் இறுதி அறிக்கையிலும் 9.17 கோடி என்ற எண்ணே வெளியானதைச் சந்தை நம்பவில்லை. சில மாநிலங்களில் உழவர்களிடம் மீண்டும் கேட்க வேண்டியிருந்தது. இறுதியில் விதைக்கப்பட்டது 8.97 கோடி ஏக்கர். எல்லாப் பயிர்களையும் சேர்த்து 1.9 கோடி ஏக்கருக்கு மேல் விதைக்க முடியாமல் போனதாக உழவர்கள் பதிவுசெய்தனர். விதைக்க இயலாமைக்கான காப்பீட்டு இழப்பீடு என்ற செலவுத் தலைப்பு அந்த ஆண்டு வீங்கியது. ஜூன் ஆய்வில் உழவர் சொன்னது பொய்யன்று. கேட்ட நாளில் பலர் இன்னும் விதைத்து முடித்திருக்கவில்லை. விதைத்துவிடுவோம் என்ற நம்பிக்கையில்தான் பதில் சொன்னார்கள்.

மகசூலை அளப்பது இன்னும் நுட்பமானது. ஒருமுறையாவது வயலில் நின்று பார்க்க வேண்டிய வேலை. இந்தியாவில் நெல், கோதுமை போன்ற பயிர்களுக்குப் பெரும்பாலும் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளவில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடக்கிறது. குலுக்கலில் வந்த எண்ணுக்கேற்ப வயலின் மூலையிலிருந்து அடி எண்ணி நடந்து, நான்கு மூலைகளில் முளை அடித்து, கயிறு இழுத்துக் கட்டுகிறார்கள். கயிற்றுக்கு அடியிலேயே நிற்கும் தூர் உள்ளே சேருமா, வெளியே சேருமா? அறுப்பவரின் கை இயல்பாக உள்ளே சேர்க்கவே விரும்பும். கட்டம் சிறியதாக ஆக, பரப்போடு ஒப்பிடும்போது விளிம்பின் நீளம் கூடுகிறது. விளிம்புத் தூர்கள் உள்ளே சேரச் சேர மகசூல் உள்ளதைவிட அதிகமாகத் தெரிகிறது. சிறிய கட்டங்கள் போதுமா என்பது பற்றி 1940-களில் இந்தியப் புள்ளியியலாளர்களான பி. சி. மகலனோபிஸுக்கும் பி. வி. சுகாத்மேக்கும் இடையே நடந்த விவாதத்தின் மையம் இதுதான். அறுத்த கதிரை அடித்துத் தூற்றி எடைபோட்ட பிறகும் வேலை முடிவதில்லை. ஈரப்பதத்தைக் கழித்து உலர் எடைக்கு மாற்ற வேண்டும். அந்தக் கழிவு சரியாகச் செய்யப்படாத ஆண்டில், மழையில் நனைந்த அறுவடை நல்ல அறுவடையாகப் பதிவாகிவிடும்.

எதை மகசூல் என்று அழைக்கிறோம் என்பதும் இதே அளவு முக்கியம். சோவியத் ஒன்றியம் 1933 முதல் 1953 வரை 'உயிரியல் மகசூல்' என்ற அளவைக் கையாண்டது: வயலில் நிற்கும் பயிரைக் கண்டு கணித்த எண் அது, அறுவடையிலும் போக்குவரத்திலும் சேமிப்பிலும் இழப்பது அதில் கழியவில்லை. களஞ்சியத்துக்கு வந்தது அதைவிடக் கணிசமாகக் குறைவு. எந்த நாட்டின் எண்ணை எடுத்தாலும், அது வயலில் நிற்கும் பயிரா, களத்துமேட்டில் அடித்த தானியமா, உமி நீக்கிய அரிசியா என்பதை அடிக்குறிப்பில் தேடிப் படித்த பிறகே மேலே செல்லுங்கள்.

படி 3: பட்ஜெட் முடிவான நாளில் கையில் இருந்த எண்ணையே எடுங்கள்

துல்லியத்தை ஆராயும்போது பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். இணையதளத்தில் இன்று கிடைக்கும் பழைய ஆண்டு அட்டவணையில் திருத்தி முடித்த எண்தான் இருக்கும். அதைக் கொண்டு பட்ஜெட்டைச் சோதித்தால், அன்று யாருக்கும் தெரியாதிருந்ததை அன்று தெரிந்திருந்ததாக எண்ணிக்கொள்கிறோம்.

இந்தியாவில் 2017 முதல் மத்திய பட்ஜெட் பிப்ரவரி 1 அன்று தாக்கலாகிறது. 2022-இல் கோதுமை உள்ளிட்ட பயிர்களின் இரண்டாவது முன்கூட்டிய மதிப்பீடு (பெயரில் மதிப்பீடு என்றாலும் அறுவடைக்கு முன் வரும் இது முன்கணிப்புதான்) பிப்ரவரி 16 அன்று வெளியானது. முதல் மதிப்பீட்டில் மழைக்காலத்தில் விதைக்கும் காரிப் பருவப் பயிர்கள் மட்டுமே இருந்தன. ஆக, ஏப்ரலில் தொடங்கும் கோதுமைக் கொள்முதலுக்கு நிதி ஒதுக்கியவர்களிடம் அந்தக் கோதுமையைப் பற்றி வெளியிடப்பட்ட மதிப்பீடு எதுவும் இல்லை. விதைப்புப் பரப்பு விவரமும் பழைய போக்கும்தான் இருந்தன. இதை அறியாமல் 'அரசின் மதிப்பீடு தவறியதால் பட்ஜெட் தவறியது' என்று எழுதுவது நியாயமாகாது.

ஆண்டுகளின் பொருத்தத்தையும் சரிபாருங்கள். அமெரிக்க மக்காச்சோளத்தின் சந்தை ஆண்டு செப்டம்பர் 1 அன்று தொடங்குகிறது. நிதியாண்டு அக்டோபர் 1 அன்று. விலை ஒரு வரம்புக்குக் கீழே போனால் அரசு உழவருக்குத் தரும் விலை இழப்பு ஈட்டுத் தொகை, சந்தை ஆண்டு முடிந்து அடுத்த அக்டோபருக்குப் பிறகே வழங்கப்படுகிறது. ஆகவே 2016-இல் விளைந்த பயிருக்கான தொகை 2018 நிதியாண்டின் செலவாக விழுந்தது. இந்த இடைவெளி பட்ஜெட்டுக்கு நல்லது. பணம் கொடுக்கும் ஆண்டு தொடங்கும்போது விலை பெரும்பாலும் தெரிந்துவிடும். கொள்முதல் வழியாக நேரடியாகச் செலவழிக்கும் அமைப்புகளுக்கு அந்த வசதி இல்லை.

செய்ய வேண்டியது எளிது. ஒவ்வொரு வெளியீடு வந்த நாளிலும் அதன் நகலைத் தேதியோடு தனியாகச் சேமியுங்கள். வரிசைக்கு ஒரு பயிராண்டு, பத்திக்கு ஒரு வெளியீடு என்று ஓர் அட்டவணை போடுங்கள். பழைய பத்தியில் எதையும் மேலெழுதாதீர்கள். நான் ஒருமுறை உதவச் சென்ற அலுவலகத்தில் பத்தாண்டுக் கோப்பு ஒன்று நேர்த்தியாகப் பராமரிக்கப்பட்டிருந்தது. ஆனால் ஒவ்வொரு திருத்தமும் பழைய எண்ணை அழித்துவிட்டு அதன் மேலேயே பதியப்பட்டிருந்ததால், முன்கணிப்பு எவ்வளவு தவறியது என்பதற்கான தடயமே அதில் மிஞ்சவில்லை. பழைய அச்சு அறிக்கைகளைத் தேடி மறுபடி தட்டச்சு செய்ய இரண்டு வாரம் ஆனது.

படி 4: பிழையை அளந்து பாருங்கள்

முன்கணிப்பிலிருந்து இறுதி எண்ணைக் கழித்து, இறுதி எண்ணால் வகுத்து, விழுக்காடாக எழுதுங்கள். நேர்மறை வந்தால் மிகைக் கணிப்பு. எதிர்மறை வந்தால் குறைக் கணிப்பு. இதை வெளியீட்டுக் கட்டம் வாரியாகத் தனித்தனியே செய்ய வேண்டும். விதைப்புக் காலக் கணிப்பையும் அறுவடைக் காலக் கணிப்பையும் ஒன்றாகக் கலந்தால் வரும் சராசரிக்குப் பொருளில்லை.

விளக்கத்துக்காக ஐந்து ஆண்டுகளின் பிழைகள் +6, +4, −2, +5, +2 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். குறியோடு சேர்த்த சராசரி +3. குறியை நீக்கிய சராசரி 3.8. இருபடிச் சராசரியின் மூலம் (ஒவ்வொரு பிழையையும் அதனாலேயே பெருக்கி, சராசரி எடுத்து, அதற்கு வர்க்கமூலம் கண்டது) ஏறக்குறைய 4.1. முதல் எண், கணிப்பு ஒரே பக்கம் சாய்கிறதா என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, வழக்கமான தவறின் அளவைச் சொல்கிறது. மூன்றாவது, பெரிய தவறுகளுக்குக் கூடுதல் எடை தருகிறது. பட்ஜெட்டை உடைப்பவை பெரிய தவறுகளே என்பதால் நான் எப்போதும் மூன்றாவதையே முதலில் பார்ப்பேன். இந்த உதாரணத்தில் சாய்வான 3 விழுக்காட்டை ஒவ்வோர் ஆண்டிலிருந்தும் கழித்துவிட்டால் எஞ்சும் பிழைகள் +3, +1, −5, +2, −1. அவற்றின் இருபடிச் சராசரி மூலம் 2.8 ஆகக் குறைந்துவிடுகிறது. புதிதாக எந்த ஆய்வும் நடத்தாமல், பழைய பிழையைக் கவனித்ததால் மட்டுமே கிடைத்த பயன் இது. ஐந்து ஆண்டுகள் போதாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சாய்வு இருக்கிறது என்று நம்பிச் செயல்படுவதற்கு முன் குறைந்தது 15 ஆண்டுகளாவது பாருங்கள்.

அடுத்து ஓர் எளிய போட்டியாளரை நிறுத்துங்கள். சென்ற ஆண்டு எண்ணையே இந்த ஆண்டுக்கும் எழுதினால், அல்லது கடந்த பத்தாண்டுப் போக்குக் கோட்டை நீட்டினால் எவ்வளவு தவறியிருக்கும்? அந்தப் பிழை 6 விழுக்காடும் அரசின் பிழை 3.8 விழுக்காடுமாக இருந்தால், அரசின் கணிப்பு உங்களுக்கு உண்மையான தகவல் தருகிறது. இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால், அந்தக் கட்டத்தில் வரும் அறிக்கைக்காக நிதித்துறை காத்திருக்கத் தேவையில்லை.

சில அரசுகள் இந்த வேலையைத் தாமே செய்து வெளியிடுகின்றன. அமெரிக்க வேளாண் துறையின் மாதாந்திர உலக வழங்கல் தேவை அறிக்கையின் கடைசிப் பகுதியில், ஒவ்வொரு பயிருக்கும் அந்த மாதக் கணிப்பு பல பத்தாண்டுகளில் எவ்வளவு விலகியது, 90 விழுக்காட்டு நம்பக எல்லை (பத்தில் ஒன்பது முறை விலகல் அடங்கும் என்று எதிர்பார்க்கும் எல்லை) என்ன, மிகப் பெரிய விலகல் எது, இறுதி எண்ணுக்கு மேலே எத்தனை முறை, கீழே எத்தனை முறை என்ற அட்டவணை இருக்கிறது. முதல் பக்கத்தை ஆயிரம் பேர் படித்தால் இந்தப் பக்கத்தைப் பத்துப் பேர்கூடத் திறப்பதில்லை. பட்ஜெட் எழுதுபவருக்கு அந்த அறிக்கையில் மிகப் பயனுள்ள பக்கம் அதுவே. வேறு எந்த நாடும் இப்படி ஓர் அட்டவணையைத் தன் மதிப்பீட்டோடு சேர்த்து அச்சிட்டால், அதன் நிதித்துறைக்கு அதைவிடப் பெரிய உதவி இருக்க முடியாது.

ஒரே பக்கச் சாய்வு தெரிந்தால் அதன் காரணத்தைத் தேடுங்கள். அளக்கும் முறையிலிருந்து வரும் சாய்வு உண்டு. எச்சரிக்கையிலிருந்து வரும் சாய்வும் உண்டு. அமெரிக்காவின் நிகரப் பண்ணை வருமானத்துக்கான ஆண்டின் முதல் கணிப்பு, நீண்ட காலமாகவே இறுதி எண்ணைவிடக் குறைவாக இருந்துவந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. மிகக் கொடியது, அறிக்கை அனுப்புபவர் மேலிடத்துக்குப் பிடித்ததை எழுதும்போது வரும் சாய்வு. சீனாவில் 1958-இல் தானிய உற்பத்தி 37.5 கோடி டன் என்று அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டே அது 25 கோடி டன் என்று திருத்தப்பட்டது. பிற்காலத்தில் ஏற்கப்பட்ட எண் சுமார் 20 கோடி டன். வீங்கிய எண்ணின் அடிப்படையில் கிராமங்களிலிருந்து தானியம் எடுக்கப்பட்டது. பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் இறந்தார்கள். மலாவியில் 2001-இல் மரவள்ளி, சர்க்கரைவள்ளி விளைச்சல் மிகைப்படுத்திக் கணிக்கப்பட்டதால் உணவு போதுமான அளவு இருப்பதாகக் கருதப்பட்டது; அரசின் தானியக் கையிருப்பும் விற்கப்பட்டிருந்தது; 2002-இல் பஞ்சம் வந்தது. கையிருப்பு வைத்திருப்பதற்கான செலவைப் பட்ஜெட்டில் குறைக்கும் எந்த முடிவுக்கும் முன்னால், அந்த முடிவு நம்பியிருக்கும் விளைச்சல் எண்ணின் சாய்வைச் சோதிக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இதுவே.

'இறுதி எண்' என்பதும் ஒரு மதிப்பீடுதான். அதைச் சோதிக்க இருப்புச் சமன்பாடு உதவும்: தொடக்க இருப்பு, உற்பத்தி, இறக்குமதி ஆகியவற்றின் கூட்டுத்தொகை, நுகர்வு, ஏற்றுமதி, விதை, சேதம், இறுதி இருப்பு ஆகியவற்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாக வேண்டும். எந்த நாட்டின் கணக்கிலும் ஏதாவது ஒரு வரி மிச்சத்தை எல்லாம் விழுங்கிக்கொள்ளும்; அமெரிக்க மக்காச்சோளக் கணக்கில் 'தீவனமும் மிச்சமும்' என்ற வரியே அது. அந்த வரி காரணமின்றி ஆண்டுக்காண்டு பெருத்தால் உற்பத்தி எண்ணைச் சந்தேகியுங்கள்.

படி 5: திருத்தங்கள் செல்லும் திசையைக் கவனியுங்கள்

நல்ல முன்கணிப்பில் அடுத்த திருத்தம் மேலே போகுமா கீழே போகுமா என்பதை முந்தைய திருத்தத்திலிருந்து ஊகிக்க முடியக்கூடாது. நடைமுறையில் கணிப்பாளர்கள் ஒரேயடியாக எண்ணை மாற்றத் தயங்கி, படிப்படியாக நகர்த்துகிறார்கள். அமெரிக்கப் பயிர் உற்பத்தி முன்கணிப்புகளிலேயே இந்தப் போக்கு கண்டறியப்பட்டுள்ளது: ஒரு திருத்தம் கீழ்நோக்கி இருந்தால் அடுத்ததும் கீழ்நோக்கியே இருக்கும் வாய்ப்பு அதிகம். 3-ஆம் படியில் தேதி வாரியாகச் சேமித்த அட்டவணை இருந்தால் உங்கள் பயிருக்கு இதைச் சோதிப்பது அரை மணி நேர வேலை. போக்கு உறுதியானால், முதல் கீழ்நோக்கிய திருத்தம் வந்தவுடனேயே ஆண்டின் நடுவே கூடுதல் நிதி கேட்கும் துணை மானியக் கோரிக்கைக்கான கோப்பைத் தயாரிக்கத் தொடங்கலாம்; மூன்றாவது திருத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

படி 6: பிழையின் பரவலைச் செலவு விதிக்குள் செலுத்துங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

முதலில், உற்பத்திப் பிழை விலைப் பிழையாகும்போது பெருகும். உணவுப் பொருளின் தேவை எளிதில் சுருங்காது என்பதால் சிறிய பற்றாக்குறையும் விலையைப் பெரிதாக உயர்த்தும். இங்கிலாந்தில் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் புள்ளிவிவர அறிஞர் கிரெகரி கிங் பெயரால் வழங்கப்பட்ட கணக்கு, விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு கூடும், பத்தில் இரண்டு பங்கு குறைந்தால் பத்தில் எட்டுப் பங்கு கூடும் என்றது. இன்று கையிருப்பும் வணிகமும் அந்தத் தாக்கத்தைத் தணிக்கின்றன. ஆனாலும் கையிருப்பு வற்றியிருக்கும் ஆண்டுகளில் உறவு மீண்டும் அந்த வடிவத்தையே எடுக்கிறது. ஆகவே 4-ஆம் படியில் அளந்த உற்பத்திப் பிழையை அப்படியே விலைக்குப் பொருத்தாதீர்கள். விலைக் கணிப்பின் பிழையைத் தனியாக அளங்கள்.

இரண்டாவதாக, பெரும்பாலான ஆதரவுத் திட்டங்களின் செலவு விதியில் ஒரு வளைவு இருக்கிறது. விலை ஒரு வரம்புக்குக் கீழே போனால் அரசு வித்தியாசத்தைக் கொடுக்கும். மேலே போனால் அரசுக்குத் திருப்பி வருவது எதுவும் இல்லை. அமெரிக்காவின் 2014 வேளாண் சட்டம் மக்காச்சோளத்துக்கு 3.70 டாலர் என்று குறிப்பு விலை வைத்தது. 2014 பயிரின் சராசரி விலையும் 3.70 டாலராகவே அமைந்ததால், அந்த விலை இழப்புத் திட்டத்தில் மக்காச்சோளத்துக்குச் செலவு இல்லை. 2015 பயிருக்கு விலை 3.61, புஷலுக்கு 9 சென்ட் கொடுக்க வேண்டியதாயிற்று. 2016 பயிருக்கு 3.36, புஷலுக்கு 34 சென்ட். விலை சரிந்தது 10 விழுக்காட்டுக்கும் குறைவு. செலவு ஒன்றுமில்லாததிலிருந்து பெருந்தொகையாக மாறியது.

இதன் விளைவை ஒரு சிறு கணக்கில் பார்ப்போம். ஆதரவு விலை டன்னுக்கு 100 அலகு. முன்கணித்த விலை 105. முன்கணித்த உற்பத்தி 20 லட்சம் டன். ஒற்றை எண்ணை வைத்துப் பட்ஜெட் போடுபவர், விலை வரம்புக்கு மேலே இருப்பதால் செலவு பூஜ்யம் என்று எழுதுவார். உங்கள் பிழைப் பதிவோ, விலை 85, 95, 105, 115, 125 என்ற ஐந்து நிலைகளில் எதுவாகவும் சம வாய்ப்போடு அமையலாம் என்கிறது. சராசரி 105-தான், கணிப்பில் சாய்வே இல்லை. ஆனால் ஐந்தில் ஓர் ஆண்டு டன்னுக்கு 15 அலகும், இன்னோர் ஆண்டு 5 அலகும் கொடுக்க வேண்டும். மற்ற மூன்று ஆண்டுகளில் எதுவும் இல்லை. சராசரி டன்னுக்கு 4 அலகு. 20 லட்சம் டன்னுக்கு 80 லட்சம் அலகு.

இன்னும் ஒன்று விடுபட்டிருக்கிறது. விலை சரிவது பெரும்பாலும் விளைச்சல் மிகும்போதுதான். 85 விலையில் 24 லட்சம் டன்னும், 95 விலையில் 22 லட்சம் டன்னும் வரும் என்று வைத்தால், செலவு முறையே 360 லட்சமும் 110 லட்சமும். ஐந்து நிலைகளின் சராசரி 94 லட்சம் அலகு. ஒற்றை எண் பட்ஜெட் பூஜ்யம் என்றது. உண்மையான எதிர்பார்ப்புச் செலவு 94 லட்சம். முன்கணிப்பாளர் மீது ஒரு குற்றமும் இல்லாமலே பட்ஜெட் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் தவறுவது இப்படித்தான். அமெரிக்க நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் விலை சார்ந்த திட்டங்களுக்கு ஒற்றை விலைப் பாதையை மட்டும் பயன்படுத்தாமல், பல சாத்தியப் பாதைகளில் செலவைக் கணக்கிட்டுச் சராசரி எடுப்பது இதற்காகவே. அதற்குப் பெரிய மாதிரிகள் வேண்டும் என்று அஞ்ச வேண்டாம். 20 ஆண்டுகளின் பிழை விழுக்காடுகளை இந்த ஆண்டின் கணிப்பின் மீது ஒவ்வொன்றாக ஏற்றி, 20 செலவுகளைக் கணக்கிட்டுச் சராசரி எடுத்தாலே போதுமான விடை கிடைக்கும். விலைப் பிழையையும் உற்பத்திப் பிழையையும் ஒரே ஆண்டிலிருந்து இணையாக எடுக்க வேண்டும்; தனித்தனியே கலைத்துப் போட்டால் மேலே சொன்ன தொடர்பு அறுந்துவிடும்.

படி 7: ஒரே பிழை எந்தெந்தத் தலைப்பை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று எழுதுங்கள்

2012-க்குத் திரும்புவோம். விலை உயர்ந்ததால் விலை ஆதரவுக்கான செலவுக்கு இடமே இல்லை. ஆனால் வறட்சியால் பயிர்க் காப்பீட்டு இழப்பீடு 1,700 கோடி டாலரைத் தாண்டியது. அறுவடைக் கால விலையில் இழப்பைக் கணக்கிடும் காப்பீடுகள் மிகுதியாக இருந்ததால், மகசூல் வீழ்ச்சியும் விலை உயர்வும் ஒன்றையொன்று பெருக்கின. ஒவ்வொரு செலவுத் தலைப்புக்கும் எதிரே 'விளைச்சல் குறைந்தால்', 'விலை உயர்ந்தால்' என்று இரண்டு பத்திகள் வைத்து, கூடும் அல்லது குறையும் என்று குறியுங்கள். சில தலைப்புகள் ஒன்றையொன்று ஈடுசெய்யும். சில ஒன்றாக வீங்கும். ஒன்றாக வீங்குபவற்றுக்குத்தான் பொதுவான இடர் ஒதுக்கீடு தேவை.

உற்பத்தி எண் ஏறக்குறைய சரியாக இருந்தும் திட்டம் முழுதாகத் தவறுவது உண்டு. 2022 பிப்ரவரியில் இந்தியக் கோதுமை உற்பத்தி 11.13 கோடி டன் என மதிப்பிடப்பட்டது. மார்ச் மாத வெப்பத்துக்குப் பின், மே மாதம் 10.64 கோடி டன்னாகக் குறைக்கப்பட்டது. இறுதி எண் 10.77 கோடி டன். பிப்ரவரி எண்ணின் பிழை சுமார் 3 விழுக்காடு மட்டுமே. எந்த நாட்டின் அளவுகோலிலும் இது நல்ல மதிப்பீடு. ஆனால் 4.44 கோடி டன் என்று இலக்கு வைத்த அரசுக் கொள்முதல் 1.88 கோடி டன்னில் நின்றது. உக்ரைன் போரால் உலக விலை ஏறி, தனியார் வணிகர்கள் குறைந்தபட்ச ஆதரவு விலையான குவிண்டாலுக்கு 2,015 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியதால், உழவர்கள் அவர்களிடம் விற்றார்கள். மே 13 அன்று ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. இலவச உணவு தானியத் திட்டத்தில் பல மாநிலங்களுக்குக் கோதுமைக்குப் பதில் அரிசி ஒதுக்கப்பட்டது. உழவருக்கு அரசு தவிர வேறு வாங்குபவர் இருக்கும் எந்தத் திட்டத்திலும், கொள்முதல் அளவை நிர்ணயிப்பது சந்தை விலைக்கும் ஆதரவு விலைக்கும் உள்ள இடைவெளியே. அந்த இடைவெளிக்குத் தனிப் பரவல் போடாமல், உற்பத்தியில் இத்தனை விழுக்காடு என்று கொள்முதலைக் கணிப்பது பயனளிக்காது.

படி 8: ஆண்டு முடிந்ததும் விலகலைப் பிரித்துப் பாருங்கள்

ஒதுக்கீட்டுக்கும் உண்மைச் செலவுக்கும் இடையிலான வித்தியாசத்தை நான்காகப் பிரியுங்கள்: உற்பத்திக் கணிப்புப் பிழையால் வந்தது, விலைக் கணிப்புப் பிழையால் வந்தது, ஆண்டின் நடுவே சட்டமோ திட்டமோ மாறியதால் வந்தது, கணக்கு எழுதும் முறை மாறியதால் வந்தது. ஒரு நேரத்தில் ஒரு காரணியை மட்டும் உண்மை எண்ணுக்கு மாற்றி மறுகணக்கிட்டால் இது கிடைத்துவிடும்.

கடைசி இரண்டையும் மறப்பதால் முன்கணிப்பாளர்கள் மீது அநியாயமான பழி விழுகிறது. இந்தியாவின் உணவு மானியம் 2020-21 பட்ஜெட்டில் சுமார் 1.16 லட்சம் கோடி ரூபாய்; திருத்திய மதிப்பீட்டில் சுமார் 4.22 லட்சம் கோடி. இதில் பெருந்தொற்றுக்கால இலவச தானியமும், இந்திய உணவுக் கழகம் பட்ஜெட்டுக்கு வெளியே வாங்கியிருந்த கடன்களை அரசு தன் கணக்கில் ஏற்று அடைத்ததும் இருந்தன. விளைச்சல் கணிப்புக்கு இதில் பங்கில்லை. அமெரிக்காவில் 1996 வேளாண் சட்டம், விலை நன்றாக இருந்த காலத்தில், காலப்போக்கில் குறையும்படி முன்கூட்டியே நிர்ணயித்த தொகைகளை வைத்தது. விலை சரிந்ததும் 1998 முதல் 2001 வரை நாடாளுமன்றம் தொடர்ந்து அவசர உதவித்தொகைகளை வழங்கியது. அந்தக் கூடுதல் செலவில் விலைப் பிழையும் கொள்கை மாற்றமும் பின்னிக் கிடக்கின்றன. இப்படிப் பின்னிக் கிடப்பதை வலிந்து பிரிக்காமல், 'இரண்டும் சேர்ந்தது' என்று தனி வரியாகவே எழுதுங்கள். அடுத்த ஆண்டு 4-ஆம் படியைச் செய்யும்போது, முதல் இரண்டு வரிகளின் எண்களை மட்டும் பிழைப் பதிவில் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்ற வரிகளைத் திட்டத்தை வகுத்தவர்களின் மேசைக்கு, தேதியிட்ட அதே அட்டவணையோடு அனுப்பிவையுங்கள்.